கட்டி முடித்த பிறகு அது என்ன செய்யும்?

கேள்வி: எங்கள் நகர நிர்வாகம் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் கட்டுமானத்துக்குப் பெரிய தொகை ஒதுக்கப் போகிறது. புது நிர்வாக வளாகம், ஒரு மேம்பாலம், பழைய பள்ளிக் கட்டடங்களைச் சீரமைப்பது, கழிவுநீர்க் குழாய்களை மாற்றுவது என்று பட்டியல் நீள்கிறது. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் நான் பேச வேண்டும். சங்கத்தில் பாதிப் பேர், “எதைக் கட்டினாலும் நல்லதுதான், வேலை வரும், பணம் புழங்கும்” என்கிறார்கள். சுற்றுச்சூழல் படிக்கும் என் மகளோ, “சிமென்ட்டும் மணலும் செய்கிற சேதத்துக்குக் கட்டாமல் இருப்பதே மேல்” என்கிறாள். இரண்டிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. கட்டுமானத்தில் முதலீடு செய்வதால் பொருளாதாரத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் உண்மையிலேயே நன்மை உண்டா? கூட்டத்தில் நான் எதைக் கேட்க வேண்டும்?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நன்மை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதில் எச்சரிக்கைகள் நிறைய வரும்; அவற்றைப் படித்துவிட்டு நான் கட்டுமானமே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம்.

கட்டுமானத் திட்டங்களின் மதிப்பீடுகளைப் பரிசீலிப்பது என் தொழில். ஒரு திட்டம் தேறுமா என்று பார்க்கும்போது, கட்டும் காலத்தில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்ற வரியைக் கடைசியில்தான் படிப்பேன். சாரத்தைப் பிரித்து ஆட்கள் கிளம்பிய பிறகு அந்தக் கட்டடமோ குழாயோ பாலமோ ஐம்பது வருடம் என்ன செய்துகொண்டிருக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் சங்கத்தார் பேசுவது கட்டுகிற இரண்டு மூன்று வருடத்தைப் பற்றி. உங்கள் மகள் பேசுவதும் அதே காலத்தைப் பற்றித்தான். கணக்கின் பெரும்பகுதி அதற்குப் பின்னால் இருக்கிறது.

முதலில் சங்கத்தார் சொல்வதை எடுத்துக்கொள்வோம். ஒரு தளத்துக்குக் கான்கிரீட் போட வேண்டும் என்றால், பல நாள் முன்பே சென்ட்ரிங் ஆட்கள் வந்து முட்டுக் கொடுத்துப் பலகை அடிப்பார்கள். அடுத்து கம்பி கட்டுபவர்கள். கம்பிகளுக்கு நடுவே ஒயர் போகும் பைப்பைப் பதிக்க எலக்ட்ரீஷியன். கான்கிரீட் போடும் அன்று கலவை லாரிகள், பம்பு இயக்குபவர், வைப்ரேட்டர் பிடிப்பவர், மட்டம் பார்க்கும் கொத்தனார். அப்புறம் நாள்கணக்கில் தண்ணீர் விட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இவர்களில் யாரும் கூலியைப் பூட்டிவைக்கும் நிலையில் இல்லை. வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் என்று அது வாரத்துக்குள் வேறு கைக்குப் போய்விடும். ஜல்லியும் மணலும் செங்கல்லும் பாரமான பொருள்கள். வெகுதூரத்திலிருந்து கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. அதனால் பொருளுக்குப் போகும் பணத்திலும் நல்ல பங்கு பக்கத்து வட்டாரத்திலேயே சுற்றும்.

இப்படி ஒரு செலவு பல கைகளில் சுற்றிப் பெருகுவதை 1931-இல் ரிச்சர்ட் கான் என்ற பொருளாதார அறிஞர் கணக்காகப் போட்டுக் காட்டினார். கெயின்ஸ் என்ற புகழ்பெற்ற பொருளாதார அறிஞர் பிறகு அதைத் தன் கோட்பாட்டின் நடுவில் வைத்தார். ஆகவே சங்கத்தார் சொல்வது வெறும் பேச்சில்லை.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆட்களும் இயந்திரங்களும் வேலையில்லாமல் சும்மா இருக்கும் காலத்தில்தான் இது முழுதாகப் பலிக்கும். எல்லாருக்கும் கை நிறைய வேலை இருக்கும்போது நிர்வாகம் புதுத் திட்டங்களை ஒரே நேரத்தில் இறக்கினால், வேறு வேலையில் இருக்கும் கொத்தனாரைத்தான் இழுத்துக்கொண்டு வரும். கூலியும் கம்பி விலையும் ஏறும், புதிதாக எதுவும் பெருகாது. “எதைக் கட்டினாலும்” என்ற சொல்லும் ஆபத்தானது. ஸ்பெயினில் 2008-க்கு முந்தைய வருடங்களில் வேலையில் இருந்த எட்டுப் பேரில் ஒருவர் என்ற அளவுக்குக் கட்டுமானத்தில் வேலை பார்த்தார்கள். அது நின்றபோது அத்தனை குடும்பங்களும் ஒன்றாகச் சரிந்தன. 2013-இல் அந்த நாட்டின் வேலையின்மை 26 சதவீதத்தைத் தாண்டியது. அந்தக் காலத்தில் கட்டிய சியுதாத் ரியால் விமான நிலையத்துக்கு நூறு கோடி யூரோவுக்கு மேல் செலவானது. 2008-இல் திறந்தார்கள். போதிய பயணிகள் வரவில்லை. 2012-இல் மூடிவிட்டார்கள். கட்டும்போது அங்கேயும் வேலை கிடைத்தது, பணம் புழங்கியது.

பன்னாட்டு நாணய நிதியம் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உங்கள் கூட்டத்துக்கு உதவும். வளர்ந்த நாடுகளில் பொது முதலீட்டை நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீத அளவுக்குக் கூட்டினால், அந்த வருடமே உற்பத்தி சுமார் 0.4 சதவீதம் உயர்கிறது; நான்கு வருடம் கழித்து அது 1.5 சதவீதமாகிறது. முதல் வருடம் கிடைப்பது பெரும்பாலும் கூலியும் சரக்கும் சுற்றியதால் வந்தது. பிந்திய வருடங்களில் சேர்வதில் பயன்பாட்டுக்கும் பங்கு உண்டு: சரக்கு சீக்கிரம் போகிறது, மின்சாரம் தடைபடாமல் வருகிறது, தொழில் தொடங்க ஆள் துணிகிறார். முதலீடு திறமையாகச் செய்யப்பட்டால்தான் இந்தப் பலன் பெரிதாக இருக்கும் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. மறுவருடம் அதே நிதியம் இன்னொரு கணக்கும் சொன்னது: திட்டமிடல், தேர்வு, நிறைவேற்றம் ஆகியவற்றில் உள்ள கோளாறுகளால் பொது முதலீட்டில் கிடைக்கக்கூடிய பலனில் ஏறக்குறைய 30 சதவீதம் வீணாகிறது. என் மேஜைக்கு வரும் கோப்புகளைப் பார்த்தவரை இது எனக்கு ஆச்சரியமாகத் தெரியவில்லை.

பயன்பாடு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் லண்டனின் கழிவுநீர்க் கால்வாய்கள்.

1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறியது. நகரத்தின் கழிவு முழுக்க ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. குடிநீருக்கும் அந்த ஆறுதான். அதற்கு முன்பே மூன்று முறை காலரா வந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றிருந்தது. ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியாளரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. ஆற்றின் இரு கரையிலும் கழிவை ஆற்றில் விழவிடாமல் குறுக்கே தடுத்து, நகரத்துக்குக் கிழக்கே வெகுதூரம் கொண்டுபோகும் பெரிய கால்வாய்களைக் கட்டினார். முப்பது கோடிக்கும் மேற்பட்ட செங்கற்கள் அதில் போயின. அன்றிருந்த மக்கள்தொகையோடு நிறுத்தாமல், இனி வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துக் கால்வாயின் அளவை வைத்தார். 1866-இல் லண்டனில் காலரா திரும்ப வந்தபோது சுமார் 5,600 பேர் இறந்தார்கள். இறப்புகள் பெரும்பாலும் கிழக்கு லண்டனில்தான் நிகழ்ந்தன. புதிய கால்வாய் வேலை இன்னும் முடியாதிருந்த பகுதி அது. வேலை முடிந்த பகுதிகள் பெரும்பாலும் தப்பித்தன. அதன் பிறகு அந்த நகரத்தில் காலரா கொள்ளைநோயாக வரவே இல்லை. அந்தக் கால்வாய்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

உங்கள் மகளுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. அப்போது புதுப் பொருளாக இருந்த போர்ட்லாண்ட் சிமென்ட்டைத்தான் பசல்ஜெட் நம்பிப் பயன்படுத்தினார். தரத்தைச் சோதித்துத் தேறாததைத் திருப்பி அனுப்பினார். அந்தச் சிமென்ட்டைச் சுட்டபோது வெளியான புகை ஒரு முறை வெளியானது. அது கொடுத்த பயனை நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பிரித்துப் பாருங்கள். அதே சிமென்ட்டை யாரும் வராத ஒரு விமான நிலையத்தில் ஊற்றியிருந்தால் புகை மட்டும்தான் மிச்சம்.

சிமென்ட்டைப் பற்றி உங்கள் மகள் சொல்வதில் மிகை ஏதுமில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றித்தான் சிமென்ட்டின் மூலப்பொருளான கிளிங்கர் செய்கிறார்கள். எரிபொருள் விடும் புகை ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பங்கு கல்லிலிருந்தே வருகிறது: சுண்ணாம்புக்கல் சூட்டில் உடையும்போது அதற்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேறுகிறது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்தப் பங்கு குறையாது. உலகின் மொத்தக் கரியமில வாயு உமிழ்வில் ஏழெட்டு சதவீதம் சிமென்ட்டிலிருந்துதான். மணலும் ஜல்லியும் ஆண்டுக்கு சுமார் 5,000 கோடி டன் தோண்டப்படுகின்றன என்பது ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீடு.

ஆனால் இதிலிருந்து “கட்டாதே” என்ற முடிவுக்குப் போக முடியாது. கட்டடங்கள் தொடர்பான உமிழ்வில் பெரும்பங்கு கட்டும்போது வருவதில்லை. கட்டிய பிறகு அவற்றைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் விளக்கெரிக்கவும் ஆகும் ஆற்றலிலிருந்து, வருடா வருடம் வருகிறது. ஏற்கெனவே நிற்கும் கோடிக்கணக்கான கட்டடங்களின் கூரையும் ஜன்னலும் மோசமாக இருப்பதால் வெளியேறும் புகையை, யாரும் எதுவும் கட்டாமல் இருப்பதால் குறைக்க முடியாது. அதைக் குறைக்கவும் கட்டுமான ஆட்கள்தான் வேண்டும், கட்டுமானப் பணம்தான் வேண்டும்.

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் நடந்ததை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். 1931-இல் திறந்த கட்டடம் அது. 2009-இல் அறிவித்த சீரமைப்பில் அதன் ஏறக்குறைய 6,500 ஜன்னல்களையும் தூக்கி எறிந்து புதிது வாங்கவில்லை. கட்டடத்தின் ஐந்தாவது மாடியிலேயே ஒரு பட்டறை போட்டார்கள். ஜன்னல்களைக் கழற்றி அங்கே கொண்டுவந்து, இரண்டு கண்ணாடிகளையும் பிரித்துச் சுத்தம் செய்து, நடுவில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய படலத்தைப் பொருத்தி, இடைவெளியில் வெப்பம் கடத்தாத வாயுவை அடைத்து, திரும்ப மாட்டினார்கள். பழைய கண்ணாடியிலும் சட்டத்திலும் 96 சதவீதம் மறுபடி பயன்பட்டது. ஜன்னல் வழியே வெளிவெப்பம் உள்ளே வருவது குறைந்ததால் குளிரூட்டும் சுமையும் குறைந்தது. அதனால் குளிரூட்டும் இயந்திரங்களைப் பெரிதாக மாற்றத் தேவையில்லாமல், இருந்தவற்றையே புதுப்பித்துக்கொண்டார்கள். அதில் மிச்சமான தொகை மற்ற வேலைகளுக்கு உதவியது. மொத்தத்தில் ஆற்றல் செலவை 38 சதவீதம் குறைக்கத் திட்டமிட்டார்கள். பட்டறையில் ஆட்களுக்கு வேலை, சுற்றுச்சூழலுக்குப் பலன், மின்கட்டணத்தில் ஆண்டுக்கு நாற்பது லட்சம் டாலருக்கு மேல் மிச்சம். உங்கள் சங்கமும் உங்கள் மகளும் ஒரே பக்கம் நிற்கக்கூடிய இடம் இது. சீரமைப்பு வேலையில் பொருளுக்குப் போகும் பங்கு குறைவு, கைக்குப் போகும் பங்கு அதிகம். ஒதுக்கிய அதே தொகைக்குப் புதுக் கட்டடத்தைவிடக் கூடுதல் பேருக்குக் கூலி கிடைக்கும்.

இனி உங்கள் ஊர்ப் பட்டியலுக்கு வருகிறேன். இடத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் எந்த வரிசையில் நான் பார்ப்பேன் என்று சொல்ல முடியும்.

கழிவுநீர்க் குழாயைத்தான் முதலில் வைப்பேன். அது கண்ணுக்குத் தெரியாது, திறப்பு விழாவுக்கு உதவாது, அதனாலேயே முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். யாராவது அதற்காகப் பேசியே ஆக வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருங்கள்.

அடுத்தது பள்ளிகள். பழைய கட்டடம் கெட்டுப்போவது எப்படி என்று தெரிந்தால் இதன் அவசரம் புரியும். மொட்டை மாடியில் பதித்த ஓடு விரிசல்விட்ட இடத்தில் மழைநீர் இறங்குகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும்; அதனால் உள்ளிருந்தே கான்கிரீட்டை நெம்பித் தள்ளுகிறது. கூரையின் அடிப்பக்கத்தில் கம்பியின் நீளவாக்கில் முதலில் ஒரு விரிசல் ஓடும், பழுப்புக் கறை படியும், பிறகு தட்டினால் டொப் டொப்பென்று பொள்ளலாகச் சத்தம் கேட்கும், கடைசியில் பாளமாகக் கீழே விழும். முதல் கட்டத்தில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சோடு முடிந்திருக்கும் வேலை, கடைசிக் கட்டத்தில் இடித்துக் கட்டும் வேலையாகிவிடுகிறது. டி சிட்டர் என்ற ஆய்வாளர் 1984-இல் ஒரு தோராய விதி சொன்னார்: கட்டும்போது ஒரு பங்கு செலவில் சரியாகச் செய்யாததைப் பராமரிப்பில் சரிசெய்ய ஐந்து பங்கு, பழுது தொடங்கிய பின் இருபத்தைந்து பங்கு, முற்றிய பின் நூற்றிருபத்தைந்து பங்கு. எண்கள் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும், போக்கு மாறாது. கூரையைத் திறந்து வேலை பார்க்கும்போதே வெப்பக் காப்பு அடுக்கையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். தனியாகப் பின்னால் போட்டால் அதே சாரத்துக்கும் அதே ஆட்களுக்கும் இரண்டாம் முறை பணம் கொடுக்க வேண்டிவரும்.

மேம்பாலத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. அமெரிக்க நகரங்களை வைத்து டுரான்டன், டர்னர் என்ற பொருளாதார அறிஞர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சாலையின் நீளம் எவ்வளவு கூடியதோ அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடியது தெரிந்தது. நெரிசல் தீரவில்லை. தென்கொரியாவின் சியோலில் எதிர்த்திசையில் போனார்கள்: நகர நடுவில் ஓடிய ஒரு உயர்மட்டச் சாலையை 2003-இல் இடிக்கத் தொடங்கி, அதற்கடியில் மூடிக் கிடந்த சொங்கியெசோன் ஓடையை 2005-இல் திறந்துவிட்டார்கள். கோடையில் ஓடைக்கரையில் பக்கத்துச் சாலையைவிட மூன்று முதல் ஆறு டிகிரி வரை சூடு குறைவாக இருந்ததாக அளந்தார்கள். இடித்ததும் கட்டுமானச் செலவுதான், அதில் வேலை பார்த்ததும் கட்டுமான ஆட்கள்தான். உங்கள் ஊரில் ரயில்வே கேட்டைத் தாண்ட ஆம்புலன்ஸ் காத்துக் கிடக்கிறது என்பது போன்ற காரணம் இருந்தால் மேம்பாலம் வேண்டியதுதான். வெறும் நெரிசல் என்றால், பேருந்துக்கும் நடைபாதைக்கும் அந்தப் பணத்தில் என்ன செய்யலாம் என்று ஒப்பிட்ட அறிக்கையைக் கேளுங்கள்.

நிர்வாக வளாகத்துக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இப்போதிருக்கும் கட்டடத்தை விரித்துச் சீரமைத்தால் போதாதா? ஆராய்ந்தார்களா, யார் ஆராய்ந்தது? பிரான்சின் போர்தோ நகரில் 530 வீடுகள் கொண்ட பழைய அடுக்குமாடிக் குடியிருப்பை இடிக்காமல், வெளிப்பக்கமாகக் கண்ணாடி அடைத்த கூடுதல் பகுதியைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள் லகாத்தோன், வசால் என்ற கட்டடக்கலைஞர்கள். வேலை நடக்கும்போது மக்கள் வீட்டைக் காலி செய்யவே இல்லை. 2021-இல் அவர்களுக்குக் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பல நிர்வாகங்கள் இடிக்கும் யோசனையை மறுபரிசீலனை செய்யும்.

எதைக் கட்டினாலும் டெண்டரில் கலப்புச் சிமென்ட்டைக் குறிப்பிடச் சொல்லுங்கள். இரும்பு உலைக் கசடு, அனல்மின் நிலையச் சாம்பல், சுட்ட களிமண் இவற்றில் கிடைப்பதைச் சேர்த்துக் கிளிங்கரின் பங்கைக் குறைத்தால் உமிழ்வும் குறையும். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்த்த வகையில் 40 சதவீதம் வரை குறைக்கலாம். இவற்றில் சில வகை மெதுவாகத்தான் வலுவேறும். பலகையைச் சில நாள் கழித்துப் பிரிக்க வேண்டிவரும் என்பதால் ஒப்பந்ததாரர்கள் தயங்குவார்கள். அந்த நாள்களை அட்டவணையில் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் தயக்கத்துக்குக் காரணம் இருக்காது.

மதிப்பீட்டுத் தொகையை அப்படியே நம்பவும் வேண்டாம். பெரிய திட்டங்களைப் பல வருடமாக ஆராய்ந்த பென்ட் ஃப்ளூபியர், பத்தில் ஒன்பது திட்டங்கள் சொன்ன செலவைத் தாண்டிவிடுகின்றன என்று காட்டியிருக்கிறார். மேம்பாலமும் வளாகமும் எகிறினால் வெட்டுப்படப் போவது குழாயும் பள்ளியும்தான். ஆகவே அந்த இரண்டுக்கும் தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும், அதிலிருந்து வேறு வேலைக்கு மாற்றக் கூடாது என்று எழுத்தில் கேளுங்கள்.

பேச உங்களுக்கு ஐந்து நிமிடம்தான் கொடுத்தால், பட்டியலில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் இதை மட்டும் கேட்டால் போதும்: கட்டி முடித்த பிறகு ஆண்டுதோறும் பராமரிப்புக்கு எவ்வளவு, அது எந்த நிதியிலிருந்து வரும், யார் பொறுப்பு? பதில் இல்லாத வேலைகளின் பெயரைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். உங்கள் மகளையும் கூட அழைத்துப் போங்கள். சிமென்ட் பற்றிய கேள்வியை அவரே கேட்கட்டும்.